செக்டு எக்செப்ஷனைச் சுற்றும்போது காரணத்தைத் தொலைக்காதீர்கள்

ஜாவா லாம்டாவுக்குள் (பெயரில்லாத சிறு ஃபங்ஷனுக்குள்) ஃபைல் படிக்கப் போனால் கம்பைலர் முரண்டு பிடிக்கும். ஸ்ட்ரீமின் மேப் மெத்தட் வாங்கும் ஃபங்ஷன், செக்டு எக்செப்ஷன் (பிடி அல்லது அறிவி என்று கம்பைலர் கட்டாயப்படுத்தும் பிழை) எதையும் வெளியே விடாது. அங்கே ஃபைல் படிப்பில் வரும் ஐஓ எக்செப்ஷனைப் பிடித்து, அந்தக் கட்டாயம் இல்லாத அன்செக்டு ஐஓ எக்செப்ஷனுக்குள் சுற்றி எறியுங்கள். 2014-இல் ஜாவா 8 கூடவே வந்த கிளாஸ் அது. சொந்தமாக எழுத வேண்டாம்.

பலரும் சறுக்குவது கன்ஸ்ட்ரக்டரில். ரன்டைம் எக்செப்ஷனுக்கு (இதுவும் அன்செக்டு) வெறும் மெசேஜை மட்டும் கொடுத்தால் மூல ஸ்டாக் ட்ரேஸ், அதாவது பிழை எங்கே கிளம்பியது என்ற தடம், போய்விடும். லாகில் 'காஸ்ட் பை' வரியே இருக்காது. பிடித்த எக்செப்ஷனையே இரண்டாவது ஆர்குமென்டாகக் கொடுங்கள். மெசேஜிலும் "படிக்க முடியவில்லை" என்று மொட்டையாக எழுதாமல் ஃபைல் பாதையைச் சேருங்கள். நள்ளிரவில் லாக் பார்ப்பவர் வாழ்த்துவார்.

காத்திருக்கும் த்ரெட்டை நிறுத்தச் சொல்லும்போது வரும் இன்டரப்டட் எக்செப்ஷன் தனி ரகம். அது எறியப்படும்போதே த்ரெட்டின் இன்டரப்ட் கொடி இறங்கிவிடும். சுற்றி எறியுமுன் நடப்பு த்ரெட்டின் இன்டரப்ட் மெத்தடை அழைத்துக் கொடியைத் திரும்ப ஏற்றுங்கள். இல்லாவிட்டால் நிறுத்தச் சொன்னது மேலே உள்ள கோடுக்குத் தெரியாமலே போகலாம்.

ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கில் ஒரு பக்கவிளைவும் உண்டு: டிரான்சாக்ஷனல் போட்ட மெத்தடிலிருந்து செக்டு எக்செப்ஷன் வெளியேறினால் இயல்பாகக் கமிட் ஆகும் (டேட்டாபேஸ் மாற்றங்கள் பதிவாகும்), அன்செக்டாகச் சுற்றியதும் ரோல்பேக் ஆகும் (அவை ரத்தாகும்).