ராஃப்ட் மிதக்குமா? தேர்ட் மேட் பார்க்க வேண்டியவை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து கப்பலுக்குப் போகிற பிள்ளைகள் தேர்ட் மேட் (கப்பலின் மூன்றாம் அதிகாரி) ஆனதும், உயிர்காப்பு, தீயணைப்புச் சாமான்கள் பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழும். கல்யாணச் சாமானை எண்ணி வைப்பதுபோல எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். தேதியையும் கட்டியிருக்கும் விதத்தையும் பாருங்கள்.

முதலில் லைஃப்ராஃப்டுக்கு, அதாவது பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் உயிர்காப்பு மிதவைக்குப் போங்கள். அதிகம் தப்பு நடக்கிற இடம் அது. கப்பல் மூழ்கினால் 4 மீட்டர் ஆழத்துக்குள், தண்ணீர் அழுத்தத்தில் தானாக இயங்கும் ஹைட்ரோஸ்டாடிக் ரிலீஸ், பெட்டியைப் பிடித்திருக்கும் கட்டை அறுத்துவிடும். ராஃப்ட் பெட்டி மேலே மிதந்து வரும். ராஃப்டைக் கப்பலோடு இணைக்கும் கயிற்றுக்குப் பெயின்டர் என்று பெயர்; மூழ்கும் கப்பல் அதை இழுக்க, ராஃப்டில் காற்று நிரம்பும். கடைசியாக வீக் லிங்க் என்ற, வேண்டுமென்றே பலவீனமாக வைத்த இணைப்பு அறுந்து ராஃப்ட் தனியாகிவிடும். அதனால் பெயின்டரின் முனை வீக் லிங்கில்தான் இருக்க வேண்டும். பல மாடல்களில் அது சிவப்பாக இருக்கும். "உறுதியாக இருக்கட்டும்" என்று கைப்பிடிக் கம்பியில் முடிச்சுப் போட்டுவைத்தால் காற்று நிரம்பிய ராஃப்டையும் கப்பல் கூடவே இழுத்துக்கொண்டு போகும். பெட்டியைச் சுற்றி உபரிக் கயிறு கட்டியிருந்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள். அது இருந்தால் பெட்டி எழும்பவே எழும்பாது. ரிலீஸ் மேல் பெயின்ட் பட விடக் கூடாது. சர்வீஸ் செய்ய முடியாத மாடலுக்கு ஆயுள் 2 வருடம். மாட்டும் அன்றே காலாவதி மாதத்தையும் வருடத்தையும் அதில் குறித்துவிடுங்கள்.

பிரிட்ஜில் (கப்பலை இயக்கும் அறையில்) ஆபத்தைத் தெரிவிக்கும் பாராசூட் ராக்கெட் 12-க்குக் குறையக் கூடாது. 300 மீட்டர் ஏறி 40 விநாடி எரியும். காலாவதி பெரும்பாலும் 3 வருடம். பழையதைச் சும்மா கொளுத்திப் பார்க்காதீர்கள், தூரத்துக் கப்பல் திரும்பி வந்துவிடும்! லைஃப் ஜாக்கெட்டில் விசில், விளக்கு, பெல்ட் பாருங்கள்.

சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) தீயணைப்பானில் அழுத்தமானி கிடையாது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் நிரப்ப அனுப்புங்கள். பவுடர் வகையில் முள் பச்சையில் நின்றாலும் நம்பாதீர்கள். எஞ்சின் அதிர்விலேயே பவுடர் அடியில் இறுகிப்போயிருக்கும். மாதம் ஒருமுறை தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள்.

தொண்டி, ஜெகதாப்பட்டினம் விசைப்படகுக்கு இவ்வளவு வேண்டாம். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், தேதி முடியாத ஃப்ளேர் (ஆபத்தைக் காட்டும் ஒளி சைகை), சார்ஜ் உள்ள வி.எச்.எஃப். ரேடியோ கட்டாயம் வேண்டும். ரேடியோவில் ஆபத்து அழைப்புக்கான சேனல் 16-உம் கடலோரக் காவல் படையின் உதவி எண் 1554-உம் சுக்கான் அருகே பெயின்டில் எழுதியிருக்கட்டும். காகிதம் உப்புக்காற்றில் நிற்காது.