நெருக்கடியில் யாருக்கு மிகை, யாருக்குப் பற்றாக்குறை: ஒரே தாளில் கணக்குப் போடும் முறை

இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியைப் பற்றிப் பேசினால் ‘நாடே கடனில் மூழ்கியது’ என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். ஒருவரின் பற்றாக்குறை இன்னொருவரின் மிகையாக இருந்தே ஆக வேண்டும். அது யார் என்று பார்ப்போம்.

படி 1: தாளில் மூன்று பத்தி போடுங்கள்: அரசு, தனியார் (குடும்பங்களும் கம்பனிகளும்), வெளிநாடு. கணினி வேண்டாம், கையால் எழுதினால்தான் கூட்டல், கழித்தல் குறிகள் மனத்தில் பதியும்.

படி 2: எண்களை மத்திய வங்கியின் ஆண்டறிக்கையில் எடுங்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியின் சதவீதங்களை மட்டும் எழுதுங்கள். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது; ரூபாய்த் தொகைகளை ஒப்பிட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

படி 3: மூன்றையும் கூட்டினால் பூச்சியம் வர வேண்டும். சீட்டில் ஒருவர் எடுக்க மற்றவர்கள் போட்டிருக்க வேண்டுமல்லவா?

நெருக்கடிக்கு முந்திய 2021இல் அரசின் செலவு வரவைவிடச் சுமார் 12 கூட; அரசுப் பத்தியில் −12. நடைமுறைக் கணக்கில் (வெளிநாட்டோடு நாடு செய்யும் வர்த்தகம், பெறும் பணம் முதலியவற்றின் வரவு செலவு) பற்றாக்குறை சுமார் 4. இந்த இடத்தில்தான் நானும் நெடுநேரம் நின்றேன். அந்த 4 நமக்குப் பற்றாக்குறை, வெளிநாட்டாருக்கு மிகை. ஆகவே வெளிநாட்டுப் பத்தியில் +4; கூட்டினால் பூச்சியம் வரத் தனியாருக்கு +8. 2023இல் இறக்குமதி சுருங்கியிருந்தது, சுற்றுலாவும் வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணமும் மீண்டன. நடைமுறைக் கணக்கே சுமார் 2 மிகையானது. வெளிநாடு −2, அரசு −8, தனியார் +10.

நகையை அடகு வைத்து அரிசி வாங்கிய தேயிலைத் தோட்ட லயத்துக் குடும்பங்கள் எப்போது சேமித்தன? இந்தக் கேள்வியை விடாதீர்கள். மிகை என்பது சேமிப்பிலிருந்து முதலீட்டைக் கழித்தபின் நிற்பது. வட்டி ஏறியது, கட்டட வேலைகள் நின்றன, முதலீடு விழுந்தது. அதனாலேயே மிகை பெருகும். அது எல்லோரின் கூட்டுத்தொகை; கொழுந்து பறிப்பவரின் வெறுங்கை அதில் மறைந்துவிடும்.

பின்சேர்க்கை: ஹட்டனிலிருந்து ஒரு வாசகர், கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகன் அனுப்பும் பணம் எந்தப் பத்தி என்று கேட்டிருந்தார். அது தனியாருக்குள்ளேயே கைமாறுவது, எதையும் மாற்றாது. வளைகுடாவிலிருந்து மகள் அனுப்புவதோ வெளிநாட்டுப் பத்தியை மாற்றும்.

ஊழியரின் ஓய்வுகாலத்துக்கான ஊழியர் சேமலாப நிதியையும் பலர் கேட்கிறார்கள். சம்பளத்தில் தொழிலாளியின் 8 சதவீதமும் தோட்டத்தின் 12 சதவீதமும் தனியார் சேமிப்புதான். நிதியின் பெரும்பகுதி அரசாங்க முறிகளில், அதாவது அரசின் கடன் பத்திரங்களில், இருக்கிறது. 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் அந்த முறிகளே நீண்ட தவணைக்கு மாற்றப்பட்டன. அரசுப் பத்தியின் கழித்தல் குறிக்கு எதிரே தோட்டத் தொழிலாளியின் ஓய்வுகாலப் பணமும் நிற்கிறது. அதைத் தனி வரியாக எழுதுங்கள்.