ஒரு டம்ளர் ஐஸில் வெப்பநிலை, வெப்பம், என்ட்ரோபி

வரையறை மூன்றும் மனப்பாடம், ஆனால் கணக்கு என்று வந்தால் குழப்பம். அப்படி இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐஸ் உருகுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து அளந்து பார்த்த பிறகுதான் எனக்கு மூன்றும் தனித்தனியாகப் புரிந்தன.

100 கிராம் ஐஸ், ஒரு டம்ளர், ஒரு தெர்மாமீட்டர் போதும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உடல் சூட்டை மட்டும்தான் அளக்கும், அது வேண்டாம். ஆய்வகத்தில் வைத்திருக்கும் சிவப்பு ஆல்கஹால் தெர்மாமீட்டரை வாங்குங்கள். டிஜிட்டலைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். சிவப்புக் கோடு அசையாமல் நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

படி 1: வெப்பநிலை. ஐஸை நொறுக்கி, மேலே ஈரம் பளபளக்கத் தொடங்கியதும் டம்ளரில் போட்டு, கொஞ்சம் குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். கோடு 0 டிகிரிக்கு வர வேண்டும். எனக்கு வரவில்லை. 4 என்று காட்டியது. தெர்மாமீட்டர்தான் பழுது என்று இன்னொன்று வாங்கினேன், அதுவும் 4. அப்புறம்தான் காரணம் பிடிபட்டது: நீருக்கு 4 டிகிரியில்தான் அடர்த்தி அதிகம். ஐஸ் மேலே மிதக்க, 4 டிகிரி நீர் அடியில் தங்கிவிடுகிறது. நான் தெர்மாமீட்டரின் குமிழை டம்ளரின் அடியில் ஊன்றி வைத்திருந்தேன். குமிழை நடுவில் பிடித்துக்கொண்டு விடாமல் கலக்குங்கள். கோடு 0-க்கு இறங்கும்; கடைசித் துண்டு கரையும் வரை அங்கேயே நிற்கும்.

படி 2: வெப்பம். 1 கிராம் ஐஸ் உருக 334 ஜூல். 100 கிராமுக்கு 33,400 ஜூல். இவ்வளவும் அறையிலிருந்து டம்ளருக்குள் போயும் கோடு ஏறவில்லை. இதே வெப்பத்தை உருகி முடிந்த நீருக்குக் கொடுத்தால் அது ஏறக்குறைய 80 டிகிரிக்குச் சூடாகிவிடும்! வெப்பநிலை மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றலைக் காட்டுவது. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் பாயும் ஆற்றல். இங்கே பாய்ந்தது மூலக்கூறுகளை வேகப்படுத்தவில்லை. அவற்றைப் பிடித்து வைத்திருந்த ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்துவதில் செலவானது.

படி 3: என்ட்ரோபி. பிடி தளர்ந்த மூலக்கூறுகள் முன்பைவிட எத்தனையோ மடங்கு அதிக விதங்களில் அமையலாம். அந்த விதங்கள் பெருகினால் என்ட்ரோபி கூடும். கலைந்து கிடக்கும் அறை என்ற உவமையை விட்டுவிடுங்கள், அதை வைத்து ஒரு கணக்கும் போட முடியாது. 1865-ல் இந்தப் பெயரை வைத்த கிளாசியஸ் காட்டிய வழியில் போனால், வெப்பநிலை மாறாமல் நடக்கும் உருகலுக்கு ஒரே ஒரு வகுத்தல்தான்: உள்ளே போன வெப்பம் ÷ வெப்பநிலை. கெல்வினில் (செல்சியஸோடு 273-ஐக் கூட்டினால் கெல்வின்) போடுங்கள், செல்சியஸில் போட்டால் 0-ஆல் வகுக்க வேண்டி வரும். 33,400 ÷ 273 = 122 ஜூல்/கெல்வின்.

படி 4: அறையின் கணக்கு. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். அறை 30 டிகிரி, அதாவது 303 கெல்வின் என்று வைத்துக்கொள்வோம். அது இழந்த என்ட்ரோபி 33,400 ÷ 303 = 110. ஐஸுக்குக் கூடியது 122. மொத்தத்தில் 12 கூடியிருக்கிறது. ஐஸ் தானாக உருகுவது அதனால்தான்.

பின்சேர்க்கை: ஃப்ரீசரில் நீர் உறையும்போது என்ட்ரோபி குறைகிறதே, அது எப்படி என்று சிலர் கேட்டிருந்தார்கள். நல்ல கேள்வி. நீர் 122 இழக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த 33,400 ஜூல் போய்ச் சேர்வது -18 டிகிரியில், அதாவது 255 கெல்வினில் இருக்கும் காற்றுக்கு. வகுத்தால் 131. மொத்தத்தில் 9 கூடுகிறது. சரி, ஃப்ரீசரும் 0 டிகிரியிலேயே இருந்தால்? 122-க்கு 122 நேராகிவிடும். நீர் உறையவும் செய்யாது, ஐஸ் உருகவும் செய்யாது.