ஃபண்டி விரிகுடாவில் கடல் வற்றும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் கிழக்கே, நியூ பிரன்சுவிக்குக்கும் நோவா ஸ்கோஷியாவுக்கும் நடுவே அட்லாண்டிக் நீளமாகப் புகுந்து கிடக்கிறது. அதுதான் ஃபண்டி விரிகுடா. உலகிலேயே மிகப் பெரிய ஓதம், அதாவது கடல் நாள்தோறும் ஏறி இறங்குவது, இங்கேதான் வருகிறது. விரிகுடாவின் உட்கோடியில் இருக்கும் பர்ன்ட்கோட் ஹெட்டில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் இடையே நீர்மட்டம் 16 மீட்டர் வரை மாறும். விரிகுடாவின் நீளமும் ஆழமும் சேர்ந்து, உள்ளே புகுந்த நீர் ஒருமுறை போய்த் திரும்ப ஏறக்குறைய 13 மணி நேரம் ஆகிறது. வெளிக்கடலின் ஓதமோ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து தள்ளுகிறது. ஆடுகிற ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் வீச்சு கூடுவதுபோல் நீரும் உயர்ந்துகொண்டே போகிறது.

கோடை விடுமுறைக்கு டொரொன்டோ, மொன்ட்ரியால் பக்கமிருந்து தமிழ்க் குடும்பங்கள் நிறையப் பேர் காரிலேயே இந்தக் கரைக்கு வருகிறார்கள். வருடா வருடம் அதே தவறுகளைப் பார்க்க முடிகிறது. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், மழைச்சட்டை மறக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது, அவற்றை விட்டுவிடலாம். உயிரோடு விளையாடுகிற தவறு ஒன்று இருக்கிறது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஹோப்வெல்லின் மூன்று மணி நேரத்தை மற்ற கரைகளுக்கும் கொண்டுபோவது

நியூ பிரன்சுவிக்கில் பாறைத் தூண்கள் நிற்கும் ஹோப்வெல் ராக்ஸ் பூங்காவில் ஒரு விதி உண்டு. தாழ் ஓதத்துக்கு மூன்று மணி நேரம் முன்பிருந்து மூன்று மணி நேரம் பின்புவரை கடலடித் தரையில் நடக்கலாம். நல்ல விதி. ஆனால் அது அந்த இடத்துக்கு மட்டும் போட்ட விதி. அங்கே இறங்க இரும்புப் படிக்கட்டு இருக்கிறது, பணியாளர்கள் இருக்கிறார்கள், நேரமானால் எல்லாரையும் மேலே ஏறச் சொல்கிறார்கள்.

முதல் நாள் ஹோப்வெல்லில் நடந்துவிட்டு, மறுநாள் செயின்ட் மார்ட்டின்ஸ் கடற்குகைகளுக்கோ கேப் ஸ்ப்ளிட்டின் அடிவாரத்துக்கோ போகிறவர்கள் அதே மூன்று மணி நேரக் கணக்கைக் கையோடு எடுத்துப் போகிறார்கள். அங்கே யாரும் வந்து கூப்பிட மாட்டார்கள். தாழ் ஓதம் பிற்பகல் 1.10 என்று அட்டவணை சொன்னால் 1.10-க்குக் கரையில் இறங்கி, ‘நாலு மணி வரை நேரம் இருக்கிறது’ என்று பிள்ளைகளோடு, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனையைச் சுற்றி நடக்கத் தொடங்குவார்கள். இரண்டே கால் மணிக்குப் படமெடுத்து முடித்துத் திரும்பினால், வந்த வழியில் முனையின் பாதத்தை அலை தொட்டுக்கொண்டிருக்கும். பின்னால் செங்குத்துச் சுவர். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு குளிர்நீரில் தட்டுத் தடுமாறி வருவதெல்லாம் இப்படித்தான் நேர்கிறது. இத்தனைக்கும் அவர்கள் அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தவர்கள்.

தாழ் ஓத நேரத்தை நடையின் தொடக்கமாக வைத்துக்கொள்வதில்தான் பிழை. நடந்துபோகும் தூரத்தின் கடைசிப் புள்ளியில் நீங்கள் இருக்க வேண்டிய நேரம் அது. அந்த நிமிடத்தில் முகம் கரைப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

நீர் ஒரே சீராக ஏறுவதில்லை. தாழ் ஓதத்திலிருந்து உயர் ஓதம் வரையான ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில், மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று என்று ஏறும். 12 மீட்டர் ஏறும் நாளில் முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு மீட்டர்தான். கடல் அசையவில்லை என்றே தோன்றும். மூன்றாம் மணி நேரத்தில் நிமிடத்துக்கு 5 சென்டிமீட்டர், 20 நிமிடத்தில் ஒரு மீட்டர். 50 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் கரையில் நீர்விளிம்பு நிமிடத்துக்கு இரண்டரை மீட்டர் உள்ளே வரும். 200 மீட்டருக்கு ஒரு மீட்டர் மட்டுமே சரியும் சேற்றுத்திடலில் நிமிடத்துக்கு 10 மீட்டர். கணுக்கால் புதையும் செஞ்சேற்றில் குழந்தையோடு மெதுவாகத்தான் நடக்க முடியும். சேற்றுத்திடலில் இன்னொன்றும் உண்டு: ஓடைப் பள்ளங்கள்தான் முதலில் நிரம்பும். முன்னால் இருக்கும் கடலையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், பின்னால் கரைக்கும் உங்களுக்கும் நடுவே ஓடை புரண்டிருக்கும்.

கணக்கை இப்படிப் போடுங்கள். போகிற வழியில் எது தாழ்வான இடம் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு முனையின் பாதமாக இருக்கும். கடல் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அங்கே போய்க் காத்திருந்து, பாதம் வறண்டு வழி திறக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தாழ் ஓதம் 1.10, வழி திறந்தது 12.20 என்றால் இடைவெளி 50 நிமிடம். தாழ் ஓதத்துக்குப் பிறகும் ஏறக்குறைய அதே 50 நிமிடத்தில், 2.00 மணிக்கு, வழி அடைபடும். அதில் அரை மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள். 1.30-க்குள் முனையின் இந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும். மூன்று மணி நேரம் என்று நினைத்திருந்த இடத்தில் உங்கள் கையில் உண்மையில் இருந்தது இருபது நிமிடம்.

அரை மணி நேரத்தைக் கழிக்கச் சொல்வது வெறும் பயத்தால் அல்ல. அட்டவணையில் இருப்பது கணிப்பு. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் நீர்மட்டம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் கூடும். கரையை நோக்கிக் காற்று அடித்தால் இன்னும் கூடும். புயல் கடந்துபோகும் நாளில் இரண்டும் சேர்ந்தே வரும்.

நேரத்தோடு உயரத்தையும் படியுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மிகக் கீழே இறங்கி மிக மேலே ஏறும். அரைநிலா நாட்களில் அவ்வளவு இறங்காது. போன வாரம் நண்பர் நடந்துபோன வழி இந்த வாரம் திறக்காமலே போகலாம்.

வேறு ஊரின் அட்டவணை

ஓதம் விரிகுடாவின் வாயிலிருந்து உள்நோக்கி நகர்கிறது. செயின்ட் ஜான் துறைமுகத்தைவிடப் பர்ன்ட்கோட் ஹெட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிந்தி வரும், உயரமும் மிக அதிகம். கனடிய நீர்வரைவியல் சேவையின் அட்டவணையில் நீங்கள் இறங்கப்போகும் கரைக்கு மிக அருகிலுள்ள நிலையத்தைத் தேடி எடுங்கள்.

கடிகாரம்

இந்தக் கரையின் அட்லாண்டிக் நேரம் டொரொன்டோ நேரத்தைவிட ஒரு மணி முன்னால் ஓடும்: அங்கே 12 என்றால் இங்கே 1. கைபேசி தானாக மாறிக்கொள்ளும், காரின் கடிகாரமும் கைக்கடிகாரமும் பல சமயம் மாறாது. டொரொன்டோ நேரத்தில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்து நடப்பவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் பிந்துகிறார். அச்சிட்ட அட்டவணை என்றால் கோடைக்கால நேரம் சேர்த்ததா என்று தலைப்பில் பாருங்கள். சேர்க்காதது என்றால் ஒரு மணி கூட்ட வேண்டும்.

ஒரே தடவை பார்த்துவிட்டுக் கிளம்புவது

ஹோப்வெல்லில் தாழ் ஓதத்தை மட்டும் பார்த்தவர் பாதிதான் பார்த்திருக்கிறார். அடியில் நடந்த அதே பாறைத் தூண்கள் உச்சி மரங்களோடு குட்டித் தீவுகளாக மிதப்பதையும் பார்க்க வேண்டும். இடைவெளி 6 மணி 13 நிமிடம் அளவில்தான். இடையில் ஆல்மாவுக்குப் போய்விட்டு வரலாம், நாற்பது கிலோமீட்டர். துறையில் மீன்பிடிப் படகுகள் தரைதட்டி நிற்பதை அங்கே பார்க்கலாம்.

செயின்ட் ஜானில் ஆறு பின்னோக்கி ஓடும் இடத்துக்குக் கண்ட நேரத்தில் போய், ‘வெறும் நுரைதானே’ என்று ஏமாந்து திரும்புகிறவர்கள் அதிகம். ஆறு கடலுக்குள் விழுவது ஒரு காட்சி, கடல் ஆற்றை மேலே தள்ளுவது இன்னொரு காட்சி. நடுவே நீர் அசையாமல் நிற்பது இருபது நிமிடம் அளவுக்குத்தான். தாழ் ஓதத்துக்குப் பின் 3 மணி 50 நிமிடம், உயர் ஓதத்துக்குப் பின் 2 மணி 25 நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் திசை மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

வளைவுக்கு அடியில் நின்று படம்

வேண்டாம். ஹோப்வெல்லின் தூண்கள் கூழாங்கல்லும் மணலும் இறுகிய பாறை. விரிசலில் நீர் உறைந்து இளகி, சொல்லாமல் உதிரும். அவற்றில் பெயர்பெற்ற யானைப் பாறை 2016 மார்ச்சில் ஒரே இரவில் பாதி சரிந்து விழுந்தது.

ஜாகின்ஸில் கல் பொறுக்குவது

நோவா ஸ்கோஷியா பக்கமுள்ள ஜாகின்ஸ் பாறைச்சரிவில் 30 கோடி ஆண்டுக்கு மேல் பழைய காட்டின் அடிமரங்கள் நின்றபடியே கல்லாகியிருக்கின்றன. 2008 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். கரையில் தனியாகக் கிடக்கும் சிறு துண்டானாலும் அனுமதியின்றிப் புதைபடிவம் எடுப்பது மாகாணச் சட்டப்படி குற்றம். படம் எடுத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே வையுங்கள்.

மினிஸ்டர்ஸ் தீவுக்குக் காரில் போய் நேரத்தை மறப்பது

செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து தீவுக்குப் போகும் பாதையே கடலடித் தரைதான். உயர் ஓதத்தில் அதன் மேல் ஆளுயரத்துக்கு மேல் நீர் வரும். நடுப்பாதையில் படமெடுக்க நிறுத்தாதீர்கள்.

பெகிஸ் கோவின் கறுப்புப் பாறை

இது ஃபண்டியில் இல்லை, ஹாலிஃபாக்ஸ் பக்கம் திறந்த கடலோரத்தில் இருக்கிறது. கறுத்த பாறை என்றால் அலை தொடும் பாறை. கால் வைக்காதீர்கள், கடல் அமைதியாக இருந்தாலும்.

மாட்டிக்கொண்டால் நீந்தப் பார்ப்பது

ஃபண்டியின் நீர் கோடையிலும் பத்துப் பன்னிரண்டு பாகை செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். சில நிமிடங்களில் விரல்கள் சொன்னபடி கேட்காது. முனைகளைச் சுற்றி நீரோட்டமும் இழுக்கும். வழி அடைபட்டது தெரிந்ததும், நேரத்தை வீணாக்காமல் பாறைச்சுவரைப் பாருங்கள். பழுப்புப் பச்சையில் கொத்துக் கொத்தாகக் காற்றுக்குமிழ் வைத்த கடற்பாசி தொங்கும். பாசி இருக்கும் உயரம் வரை நீர் வந்தே தீரும், அதற்கு மேலும் வரும். பாசியைத் தாண்டி, சருகும் மிதவைக் கட்டையும் கோடாக ஒதுங்கிக் கிடக்கிற உயரத்தையும் தாண்டி, புல்லோ செடியோ வேரூன்றியிருக்கும் திட்டு எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கே போய் உட்காருங்கள். உதிரும் சுவரில் அதற்கு மேல் ஏற முயலாதீர்கள். 911-ஐ அழையுங்கள். மலையடிவாரத்தில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அதனால் நடையைத் தொடங்கும் முன்பே, கரைக்கு வராத ஒருவரிடம் எந்தக் கடற்கரை, எத்தனை மணிக்குத் திரும்புவோம், அதற்கு மேல் எவ்வளவு நேரம் பொறுத்து அவர் 911-ஐ அழைக்க வேண்டும் என்ற மூன்றையும் சொல்லிவிட்டுப் போங்கள்.