பீரோவுக்குப் பின்னால் இருந்த பூஞ்சை

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் எங்கள் வீடு. ஜூனில் மழை பிடித்தால் துணியெல்லாம் அறைக்குள்தான் காயும். போன வருடம் மகளுக்கு இரவானால் ஓயாத இருமல். கொசுவர்த்தியை நிறுத்தி வலை கட்டினோம், பாதிதான் குறைந்தது.

அப்புறம் ஒருநாள் பீரோவை நகர்த்தினேன். சுவரில் ஒரு முழத்துக்குக் கரும்பூஞ்சை. தொட்டால் விரலில் மை போல ஒட்டியது. ஈரப்பதமானி வாங்கி வைத்தேன்: 84 சதவீதம். 60-க்குள் இருந்தால்தான் பூஞ்சை அடங்கும்.

மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினேன். மொட்டைமாடி விரிசலை அடைத்ததுதான் பெரிய செலவு; ஆனால் ஈரம் வந்த வழியே அதுதான். துணிக்கொடி வராந்தாவுக்குப் போனது. பீரோ சுவரிலிருந்து அரை அடி தள்ளி நிற்கிறது. மழை விட்டால் உடனே எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுகிறோம். மகள் இப்போது விடியும்வரை தூங்குகிறாள்.