கூடம் கோணலா, கால் கோணலா? ரைபிளில் குறி தவறும்போது நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. பயிற்சிக்கு வரும் தம்பி ஒருவன் இலக்கு மட்டையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். வெள்ளவத்தைப் பிள்ளை. உயர்தரச் சோதனை முடித்துவிட்டு, பெலட் என்னும் சின்ன ஈயக் குண்டைக் காற்றழுத்தத்தால் சுடும் எயார் ரைபிளில் இறங்கியவன். மட்டையில் பத்து ஓட்டைகள், அம்மை போட்ட முகம்போலச் சிதறிக் கிடந்தன. "அண்ணா, இந்தப் பெலட் டின் சரியில்லை. விலை கூடினது ஒன்று வாங்கினால் சரிவரும்தானே?" என்று கேட்டான்.

அதே டின்னில் இருந்து பத்துப் பெலட் எடுத்து, அவனுடைய ரைபிளையே மேசையில் மணல் பைமேல் கிடத்தி அவனையே சுட வைத்தேன். பத்தும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கின.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எனக்குச் சிரிக்க வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன், மருந்து நிரப்பிய ரவையைச் சுடும் .22 ரைபிளில் என் வெடிகள் மேலும் கீழுமாக ஓடியபோது, மூன்று மாதம் என் மூச்சையும் விரலையும் திட்டிக்கொண்டிருந்தவன் நான். கடைசியில் குற்றவாளி ரவைப் பெட்டிதான். அதே கம்பனி, அதே பெயர், வேறு தொகுதி இலக்கம் உள்ள பெட்டி வந்ததும் வெடிகள் ஒடுங்கின. சிலவேளை கூடம் மெய்யாகவே கோணலாகத்தான் இருக்கிறது.

எது எப்போது கோணல் என்று அறிய ஒரு சின்னக் கணக்கு போதும். 10 மீட்டர் எயார் ரைபிளில் பத்துப் புள்ளிக்கான நடுப்பொட்டின் விட்டம் 0.5 மி.மீ. பேனா நுனியால் குத்திய புள்ளி அளவு. பெலட்டின் விட்டம் 4.5 மி.மீ. என்பதால் அது பொட்டைத் தொட்டுக்கொண்டு போனாலே பத்துத்தான். அடுத்தடுத்த வளையங்கள் 2.5 மி.மீ. இடைவெளியில் விரிகின்றன. தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகச் சுட்டது இந்த இலக்கைத்தான்.

போட்டி எயார் ரைபிளில் பெலட் வினாடிக்கு ஏறக்குறைய 170 மீட்டர் வேகத்தில் கிளம்பும். இலக்கைத் தொடுவதற்குள் 1.7 செ.மீ. அளவில் கீழே இறங்கும். ஒரு பெலட் மற்றதைவிட நூற்றுக்கு ஒரு பங்கு மெதுவாகப் போனால், மட்டையில் 0.3 மி.மீ. சொச்சம்தான் வித்தியாசம். இப்போது கண்ணைப் பாருங்கள். குழல் முனையில் உள்ள முன்குறிக்கும் கண்ணருகே உள்ள பின்குறிக்கும் இடையில் 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன்குறி ஒரு மயிரிழை, அதாவது 0.1 மி.மீ., நடுவில் இருந்து விலகினால் மட்டையில் அது 1.25 மி.மீ. ஆகிவிடும். நாலு மடங்கு!

.22 ரைபிளால் சுடும் 50 மீட்டரில் கதை மாறுகிறது. போட்டிக்கான .22 ரவையின் ஈயத் தலை ஏறக்குறைய 2.6 கிராம். வேகம் வினாடிக்கு 325 மீட்டர் அளவில். 50 மீட்டரில் அது 12 செ.மீ.க்கு மேல் இறங்குகிறது. இரண்டு ரவைகளுக்கிடையே வினாடிக்கு வெறும் 10 மீட்டர் வேக வித்தியாசம் இருந்தால் மேலும் கீழும் 7 மி.மீ.க்கு மேல் விலகும். அங்கே பத்து வளையத்தின் முழு விட்டமே 10.4 மி.மீ.தான். ஆகவே 10 மீட்டரில் குறி தவறினால் முதலில் டின்னை மாற்றுவது காசுக்கு வந்த கேடு. 50 மீட்டரில் ரவையைச் சந்தேகிக்காமலே இருப்பது நேரத்துக்கு வந்த கேடு.

மூன்று வெடி வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. மூன்றும் ஒட்டி விழுந்தால் "இதுதான் ரவை", விலகினால் "இது குப்பை". மூன்று வெடி ஒட்டி விழுவது பெரும்பாலும் அதிர்ஷ்டம். அதே ரவையில் பத்து வெடி வைத்தால் வட்டம் கட்டாயம் பெரிதாகும். குறைந்தது பத்துப் பத்தாக நாலைந்து மட்டையாவது சுடாமல் ஒரு டின்னைப் புகழவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம்.

இதேபோல இன்னொரு தவறு, ஒரே நாளில் இரண்டு விஷயங்களை மாற்றுவது. புது டின், புதுக் கன்னத்தாங்கி, பின்குறியின் திருகில் நாலு கிளிக். பிறகு எது உதவியது, எது கெடுத்தது என்று எந்தச் சாத்திரியாரிடம் போய்க் கேட்பது? .22 இல் இன்னொரு சிக்கலும் உண்டு. ரவைத் தலையில் பூசிய மெழுகு குழலுக்குள் படிந்திருக்கும். வேறு கம்பனி ரவைக்கு மாறினால் பழைய படிவு போய்ப் புதியது படிய ஒரு பத்து இருபது வெடி வேண்டும். அந்த வெடிகளைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

விலை கூடினால் நல்லது என்பது பாதி உண்மை. .22 ரவையில் தீப்பற்றும் மருந்து பித்தளைக் கோதின் விளிம்புக்குள் சுழற்றி நிரப்பப்படுகிறது. எல்லா ரவையிலும் அதை ஒரே சீராக நிரப்புவது கடினம். விலை கூடிய ரவையில் நாம் காசு கொடுப்பது அந்தச் சீருக்குத்தான். ஆனாலும் ஒரு குழலுக்குப் பிடித்த தொகுதி பக்கத்தில் உள்ளவரின் குழலுக்குப் பிடிக்காது. ரவை செய்யும் கம்பனிகளான எலேயும் லப்புவாவும் வீரர்கள் தம் ரைபிளைக் கொண்டுபோய்த் தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்க்கவென்றே கூடங்கள் வைத்திருக்கின்றன. கொழும்பில் இருக்கும் நமக்கு மணல் பையும் பொறுமையும்தான் அந்தக் கூடம். நல்ல தொகுதி கிடைத்தால் இலக்கத்தைக் குறித்து, முடிந்த அளவு அதிலேயே வாங்கி வையுங்கள்.

வேகம் கூடிய ரவை நேராகப் போகும் என்று நம்பி வாங்குபவர்களும் உண்டு. கொழும்புச் சூட்டில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர். அதற்கு மேல் கிளம்பும் .22 ரவை வழியில் வேகம் குறைந்து அந்த எல்லையைக் கடக்கும்போது தள்ளாடும். போட்டி ரவையை வேண்டுமென்றே அதற்குக் கீழே வைத்திருப்பது அதனால்தான்.

வைப்பதிலும் தவறு செய்கிறோம். வெயிலில் நிறுத்திய காருக்குள் ரவைப் பெட்டியை விட்டுவிட்டு வந்தால், சூடேறிய மருந்து வேறு வேகத்தில் எரியும். பெலட்டின் பின்பக்கம் பாவாடைபோல மெல்லிய ஈயம். டின்னைப் பையில் போட்டுக் காலி வீதி பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் குலுக்கிக்கொண்டு வந்தால் பாதி நெளிந்துவிடும். நெளிந்த பாவாடை ஒரு மில்லிகிராம் எடை வித்தியாசத்தைவிடக் கூடக் கெடுக்கும். இது தெரியாமல் தராசு வாங்கிப் பெலட் நிறுக்கிறார்கள் சிலர்! கடற்காற்றில் ஈயம் வெள்ளை பூக்கும். பூத்ததைக் குழலுக்குள் விடாதீர்கள்.

இனிக் கைக்கு வருவோம். கையின் தவறுகளில் மூத்தது, ரைபிளைத் தசையால் தள்ளி இலக்குக்குக் கொண்டுபோவது. நிலையெடுத்து, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். குறி பக்கவாட்டில் விலகியிருந்தால் கையால் இழுக்கக் கூடாது, பாதத்தைத்தான் நகர்த்த வேண்டும். தசையால் பிடித்து வைத்த ரைபிள், விசை இழுத்த கணத்தில் தன் சொந்த இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். தம்பியின் பத்து ஓட்டைகளில் ஆறு வலப்பக்கம் இருந்தது இதனால்தான்.

இரண்டாவது, நல்ல குறி வரும்வரை காத்திருந்து, வந்ததும் விசையை வெடுக்கென்று பறிப்பது. மூச்சை நிறுத்தி ஏழெட்டு வினாடி தாண்டினால் கண் களைத்துவிடும். பழைய படத்தையே நல்ல படம் என்று காட்டும். அப்போது ரைபிளை இறக்கி வைக்க வேண்டும். சொல்வது சுலபம், பக்கத்தில் நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்கையில் இறக்கி வைக்க நெஞ்சுரம் வேண்டும். வெடி போனதும் உடனே தலையைத் தூக்கி, வெடி விழுந்த இடத்தைக் காட்டும் திரையைப் பார்ப்பதும் இதே குடும்பம்தான். அது பழகிவிட்டால், பெலட் குழலை விட்டு வெளியேறும் முன்பே உங்கள் கன்னம் ரைபிள் கட்டையை விட்டு எழத் தொடங்கிவிடும்.

ரைபிளைச் சாய்த்துப் பிடிப்பது அவ்வளவு பாவமில்லை, ஒவ்வொரு வெடிக்கும் ஒரே சாய்வு என்றால். 50 மீட்டரில் ஐந்து பாகை சாய்வு மாறினால் வெடி ஒரு செ.மீ. அளவில் பக்கம் போகும். நம் ஊர் வியர்வையில் தடித்த ஜாக்கெட் நனைந்து இளகும்போது சாய்வும் மெல்ல மாறும். முதல் இருபது வெடிக்குப் பிறகு வெடிகள் வலமாகவோ இடமாகவோ மெல்ல நகர்ந்தால் அந்தச் சாய்வைப் பாருங்கள்.

குற்றவாளியைப் பிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒரு கொப்பிதான். வெடி போனதும், திரையைப் பார்க்கும் முன், குறி எங்கே நின்றது என்று எழுத வேண்டும். "வலம், ஒன்பது" என்று எழுதி அங்கேயே விழுந்திருந்தால் அது உங்கள் வேலை. "நடு, பத்து" என்று மனச்சாட்சியோடு எழுதிய வெடிகள் திரும்பத் திரும்ப எட்டில் விழுந்தால், அப்போது பின்குறியின் திருகு, கட்டையின் திருகு இளகியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் மணல் பையில் வைத்துச் சுட்டுவிட்டு, டின்னைப் பிடியுங்கள். பெலட் போடாமல் விசையை மட்டும் இழுத்தாலும் பலது தெரியும். கிளிக் என்னும்போது முன்குறி துள்ளினால் எந்த டின்னும் உங்களைக் காப்பாற்றாது. (.22 இல் வெற்று அறையில் இப்படி இழுத்தால் சில ரைபிள்கள் பழுதாகும். கைநூலைப் பார்த்துச் செய்யுங்கள்.)

ரவை வெடிக்காமல் போனால் உடனே திறக்காதீர்கள். குழலை இலக்கை நோக்கியே வைத்து முப்பது வினாடி பொறுங்கள். பயிற்சி முடிந்து வெளியே வந்ததும் ரோல்ஸ் கடைக்குத்தான் எல்லோரும் ஓடுகிறோம். விரலில் இருப்பது ஈயம், சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுப் போங்கள். தம்பி இப்போது கொப்பி எழுதுகிறான். இரண்டாம் கிழமைப் பக்கத்தில் "வலம், வலம், வலம்" என்று எழுதி, கீழே "டின்னில் பிழையில்லை" என்று கோடு போட்டிருந்தான்.