சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பையும் காட்டும் இரத்தப் புரதங்கள்: ரிப்போர்ட்டைப் படிக்கும் முறை

முழு உடல் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும், தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்களை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவது பலருடைய வழக்கம். சர்க்கரை நோய், அதற்கு முந்தைய நிலை, கல்லீரலில் கொழுப்பு படிதல் ஆகிய மூன்றுக்கும் இன்சுலின் சரிவர வேலை செய்யாமை பொதுவான காரணமாக இருப்பதால், அவற்றைக் காட்டிக்கொடுக்கும் புரதங்கள் வெவ்வேறு பக்கங்களில் சிதறிக் கிடந்தாலும் அவற்றைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை அளவை அல்ல, ஹீமோகுளோபினை. ஏனெனில், ‘மூன்று மாத சர்க்கரை’ என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி, ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் எத்தனை சதவீதத்தின் மீது சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதன் கணக்குதான். ஹீமோகுளோபினைச் சுமக்கும் சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால்தான் அது மூன்று மாதக் கணக்காகிறது. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை வந்தவருக்கு இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கோ, சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிபவருக்கோ குறைத்துக் காட்டலாம். ஆகவே ஹீமோகுளோபின் 9 என்றிருக்கும் ஒரு பெண்ணுக்கு எச்பிஏ1சி 6.0 வந்தால், வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை, அல்லது வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 வரை இருந்தால் அது முந்தைய நிலை, 6.5 அல்லது 126ஐத் தொட்டால் சர்க்கரை நோய். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இன்னொரு பரிசோதனையும் அதையே சொன்னால்தான் நோய் உறுதியாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நடத்தி 2023இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, முந்தைய நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடி. ‘லேசாகத்தான் கூடியிருக்கிறது’ என்று தள்ளிவிடப்படுவது இந்தப் பெரிய கூட்டம்தான்.

அடுத்தது எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி. இவை கல்லீரல் அணுக்கள் நைந்தால் இரத்தத்தில் கசியும் நொதிகள்; நொதியும் புரதமே. பல லேப்கள் 40க்கு மேல் போனால்தான் குறி போடுகின்றன. ஆனால் எஸ்ஜிபிடி ஆண்களுக்கு 33, பெண்களுக்கு 25 என்ற அளவைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பது கல்லீரல் மருத்துவர்களிடையே உள்ள கருத்து. இரண்டும் சரியாக இருப்பதை வைத்துக் கொழுப்பே இல்லை என்று நிம்மதி அடையவும் முடியாது. எஸ்ஜிஓடி தசையிலிருந்தும் வருவதால், முந்தைய நாள் ஜிம்மில் கடுமையாகப் பயிற்சி செய்துவிட்டு இரத்தம் கொடுக்கப் போக வேண்டாம்.

இரும்பைச் சேமித்து வைக்கும் புரதமான ஃபெரிட்டின் கூடியிருந்தால் உடலில் இரும்பு மிகுந்துவிட்டது என்று உடனே பயப்பட வேண்டியதில்லை. கொழுப்பு படிந்த கல்லீரலின் அழற்சியாலும் அது ஏறும். கொழுப்பணுக்கள் சுரக்கும் அடிப்போனெக்டின் என்ற புரதம், முதலில் சொன்ன மூன்று நிலைகளிலும் குறைந்திருக்கும். ஆனால் அது இன்னும் ஆய்வாளர்களுக்கான அளவீடு, அதற்குக் காசு செலவழிப்பது வீண்.

அந்தக் காசு இல்லாமலேயே வீட்டில் போடக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. கல்லீரலில் தழும்பு விழுந்திருக்குமா என்று ஊகிக்க உதவும் ஃபிப்-4 அது. வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கி, தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கையை எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்கி, முதல் விடையை இரண்டாவதால் வகுக்க வேண்டும். வயது 52, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64, தட்டணு 1.8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தட்டணுவை ஆயிரக் கணக்கில் 180 என்று எழுத வேண்டும், 1.8 என்றே போட்டுவிட்டு, விடை 173 என்று வந்ததும் பதறுபவர்கள் உண்டு. 2496ஐ 1440ஆல் வகுத்தால் 1.73. விடை 1.3க்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு, 2.67க்கு மேல் போனால் கல்லீரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இடைப்பட்ட இவரைப் போன்றவர்களுக்கு கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். வயது 65ஐத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லை 2.0, 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இக்கணக்கை நம்ப முடியாது. எண் குறைவாகவே வந்தாலும், சர்க்கரையோ அதன் முந்தைய நிலையோ உள்ளவர்கள் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும்.